விற்க மாட்டோம்

என் வீட்டுக்காரருக்கும் பெயின்ட் கடை அண்ணனுக்கும் பேச்சு நின்றுபோனதற்குக் காரணம், நாங்கள் யாருமே நேரில் பார்த்திராத ஒரு மோட்டார் கம்பெனி. எங்கோ வடக்கே இருந்தது. கிணற்றில் தண்ணீர் இறைக்கும் மோட்டார் செய்கிறவர்கள். அந்தக் கம்பெனியின் பங்கைக் கொஞ்சம் கொஞ்சமாக வாங்கிச் சேர்த்து, மும்பையில் உட்கார்ந்திருக்கும் பெரிய ஆட்களோடு மல்லுக்கு நின்றார்கள் இரண்டு பேரும். சொன்னால் இப்போது எனக்கே நம்ப முடியவில்லை. அப்போது நம்பினோம்.

அவர்கள் இருவரும் பள்ளிக்கூடத்தில் ஒரே பெஞ்சு. நாங்கள் முஸ்லிம்கள், அண்ணன் பஜாரில் பழைய கடைக்காரக் குடும்பம். இவர் அவரை மாமா என்பார், அவர் இவரை மாப்ள என்பார். இவர் சவூதிக்குப் போன பிறகும் வெள்ளிக்கிழமை ஜும்மா முடிந்ததும் முதல் போன் பெயின்ட் கடைக்குத்தான் போகும். எனக்கு அடுத்ததுதான். கல்யாணமான புதிதில் அதற்காக நான் கோபித்துக்கொண்டதுண்டு. பிறகு பழகிவிட்டது. அண்ணனே கடையிலிருந்து ஆள் அனுப்பி, "தங்கச்சி, மாப்ள பேசினான், நல்லாருக்கானாம்" என்று சொல்லச் சொல்வார்.

கொரோனாவில் அங்கே கட்டட வேலைகள் நின்றுபோய், கம்பெனி ஆட்களைக் குறைத்தது. இவருக்குக் கிடங்குக் கணக்கு எழுதும் வேலை. முதலில் அந்த வேலைதான் போனது. ஊருக்கு வந்தபோது வயது நாற்பதைத் தாண்டியிருந்தது. அருப்புக்கோட்டையில் அந்த வயதில் புதிதாக வேலைக்கு வைத்துக்கொள்ள யாரும் இல்லை. சித்தப்பா மகனுடைய அரிசி மண்டியில் காலையில் போய்க் கொஞ்ச நேரம் கணக்குப் பார்ப்பார். அவர்கள் சொந்தக்காரர் என்பதற்காகக் கொடுத்த வேலை அது என்று இவருக்கும் தெரியும். மண்டியிலிருந்து நேரே பெயின்ட் கடைக்குப் போய்விடுவார்.

அண்ணனுக்குத்தான் முதலில் பங்குச் சந்தைப் பழக்கம். வெயில் ஏறிவிட்டால் பெயின்ட் கடைக்கு ஆள் வராது. கல்லாவில் உட்கார்ந்தபடியே போனில் ஏதோ வாங்குவார், விற்பார். அவர்தான் இவருக்கும் கணக்கு ஆரம்பித்துக் கொடுத்தார். இவர் முதலில் தயங்கினார். பள்ளிவாசலில் ஒருவர், "இதுவும் சூதாட்டம் மாதிரிதான பாய்?" என்று கேட்டிருந்தார். இவர் நாலு பேரிடம் விசாரித்து, வட்டிக் கம்பெனி, சாராயக் கம்பெனிப் பக்கம் போவதில்லை, கடன் வாங்கிப் போடுவதில்லை, பங்கை வாங்கினால் கையில் வைத்திருப்பது என்று தனக்குள் ஒரு வரம்பு கட்டிக்கொண்டு இறங்கினார். அந்த வரம்பைக் கடைசிவரை அவர் மீறவில்லை. அதை நான் சொல்லியாக வேண்டும்.

காசு ஆசை என்று என் அம்மா வீட்டில் பேசினார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. சந்தை திறக்கும் நேரத்துக்கு இவர் குளித்து, இஸ்திரி போட்ட சட்டையை மாட்டிக்கொண்டு உட்காருவார். வீட்டுக்குள் இருப்பவருக்கு எதற்கு இஸ்திரிச் சட்டை என்று ஒருநாள் கேட்டேன்.

"அங்க சவூதில நான் எழுதுற லிஸ்ட்டுல ஒருத்தன் கையெழுத்துப் போடுவான் புள்ள. அத்தன வருசத்துல அவன் என் மூஞ்சிய நிமிந்து பாத்ததில்ல. இங்க நான் ஒரு பங்க வாங்குனா, வெல ஒரு பைசாவாச்சும் ஏறுது. அந்த ஒரு பைசா நான் ஏத்துனது" என்றார்.

நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை.

மோட்டார் கம்பெனி எங்கள் வாழ்க்கைக்குள் வந்தது ஒரு டிவி நிகழ்ச்சியால். பெயின்ட் கடையில் சுவரில் மாட்டியிருந்த டிவியில் எப்போதும் ஆங்கில வியாபாரச் செய்தி ஓடும். ஒருநாள், பலருடைய பணத்தைத் திரட்டிப் பங்குகளில் போடும் பெரிய பண்டு ஒன்றை நடத்துகிறவர் பேசினார். கோட்டு போட்டிருந்தார். அவருக்குப் பின்னால் கண்ணாடி வழியே கடல் தெரிந்தது. அந்த மோட்டார் கம்பெனியின் கதை முடிந்துவிட்டது, இன்னும் பாதி விலைக்கு இறங்கும் என்று சொல்லிவிட்டுச் சிரித்தாராம். அந்தச் சிரிப்புதான் இவர்கள் இருவரையும் குத்தியது.

"ஏன் மாமா, நம்ம பக்கத்துக் காட்டுல பாதிக் கெணத்துல அந்த மோட்டாருதான ஓடுது? இவன் என்னைக்காச்சும் கெணத்த எட்டிப் பாத்திருப்பானா?" என்று இவர் கேட்டதாக அண்ணன் எனக்குச் சொன்னார்.

அந்தப் பண்டுக்காரர்கள் என்ன செய்கிறார்கள் என்பதை இவர் எனக்கு ரசம் தாளித்துக்கொண்டிருக்கும்போது விளக்கினார். கையில் இல்லாத பங்கை இன்றைய விலைக்கு விற்பதாக ஒப்பந்தம் போட்டுவிடுவார்கள். விலை இறங்கிய பிறகு மலிவாக வாங்கிக் கணக்கை முடிப்பார்கள். இறங்க இறங்க அவர்களுக்கு லாபம். அதனால் இறக்கிவிட என்னென்ன பேச வேண்டுமோ பேசுவார்கள். ஆனால் விலை ஏறிவிட்டால், நஷ்டத்துக்குப் பயந்து அவர்களே ஓடிவந்து வாங்க வேண்டும். அவர்கள் வாங்க வாங்க இன்னும் ஏறும். அதற்கு ஒன்றே ஒன்றுதான் தேவை. சின்ன ஆட்கள் எல்லோரும் சேர்ந்து வாங்கி, விற்காமல் பிடித்துக்கொள்ள வேண்டும்.

அப்படிச் சேர்ந்த ஒரு கூட்டம் போனில் இருந்தது. பல ஊர்க்காரர்கள். ஆட்டோ ஓட்டுகிறவர், வாத்தியார், பேங்கில் ஓய்வு பெற்றவர், கல்லூரிப் பிள்ளைகள், இவரைப் போல வெளிநாட்டிலிருந்து திரும்பியவர்கள். ஆயிரக்கணக்கில் இருந்தார்கள். சாயங்காலம் சந்தை முடிந்ததும் எல்லோரும் ஒரே அழைப்பில் சேர்ந்து பேசுவார்கள். பேச்சை முடிக்கும்போது ஒவ்வொருவரும் "விற்க மாட்டோம்" என்று சொல்வார்கள். தொழுகை முடித்து வந்து இவரும் சொல்வார். என் மகள் பக்கத்து அறையில் பாடம் படித்துக்கொண்டே அதே குரலில் திருப்பிச் சொல்லி அவரைக் கேலி செய்வாள்.

பாலவனத்தம் போகிற வழியில் மனை வாங்குவதற்கென்று சவூதிப் பணத்தில் கொஞ்சம் ஒதுக்கி வைத்திருந்தோம். இவர் என்னிடம் கேட்டுவிட்டுத்தான் அதை எடுத்தார். நானும் யோசித்துத்தான் சரி என்றேன். நான் கணக்குத் தெரியாதவள் இல்லை. அந்த ஆயிரக்கணக்கான பேர் பேசுவதை நானும் தினமும் கேட்டுக்கொண்டிருந்தேன். அவ்வளவு பேர் ஒன்றாக ஒரு சொல்லைச் சொல்லும்போது, அது உண்மை என்றுதான் தோன்றும்.

ஞாயிற்றுக்கிழமை சந்தை லீவு. இரண்டு பேரும் அண்ணனின் பைக்கை எடுத்துக்கொண்டு திருச்சுழிப் பக்கம் கிளம்பிவிடுவார்கள். மும்பைக்காரர்களுக்கு ஆராய்ச்சிக்கு ஆள் இருக்கிறார்கள், நமக்கு பைக் இருக்கிறது என்பார் அண்ணன். ஊர் ஊராகப் போய் எந்தக் கிணற்றில் என்ன மோட்டார், எப்படி ஓடுகிறது என்று விசாரிப்பார்கள். திருச்சுழிக்கு அந்தப் பக்கம் என் மதினி, அதாவது இவருடைய அக்கா, வாழ்க்கைப்பட்டிருக்கிறார். ஒரு ஞாயிற்றுக்கிழமை நானும் பஸ்ஸில் அங்கே போயிருந்தேன். கொத்தமல்லிக் காட்டில் களை எடுத்துக்கொண்டிருந்தார்கள். கரிசல் வெடித்துக் கிடந்தது. மல்லி முழங்காலுக்கும் வளரவில்லை. இவர்கள் இருவரும் பைக்கில் வந்து இறங்கி, பக்கத்துக் காட்டுக்காரரிடம் மோட்டாரைப் பற்றிக் கேட்டார்கள்.

"இந்த மோட்டாரா? எங்கய்யா வாங்கிப் போட்டது. அவரு போயிட்டாரு, மோட்டாரு இன்னும் ஓடுது. ஒரு நாளு மக்கர் பண்ணுனதில்ல" என்றார் அவர்.

இவர் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சம். போனில் அந்த மோட்டாரைப் படம் பிடித்து அப்போதே கூட்டத்துக்கு அனுப்பினார். கீழே மடமடவென்று கைதட்டல் படங்கள் வந்து விழுந்தன. அன்றைக்கு மதினி வீட்டில் கோழிக் குழம்பு. அண்ணன் சாப்பிட்டுவிட்டு வேப்பமரத்தடியில் துண்டை விரித்துப் படுத்துத் தூங்கியே போனார். இவர் அவருடைய செருப்பை வெயிலிலிருந்து எடுத்து நிழலில் போட்டார்.

அப்பா வாங்கிய மோட்டார் மகன் காலத்திலும் ஓடினால், அந்த வீட்டில் புது மோட்டார் வாங்குவது யார்? அந்தக் கேள்வி எங்கள் யாருக்கும் அன்றைக்குத் தோன்றவில்லை. எல்லாம் முடிந்து பல மாதம் கழித்து, துணி துவைத்துக்கொண்டிருக்கும்போது எனக்குத் தானாகத் தோன்றியது. இவரிடம் சொல்லவில்லை. அவருக்கும் எப்போதோ தோன்றியிருக்கும்.

அதன் பிறகு சில வாரம் விலை ஏறியது. முதலில் மெதுவாக. பிறகு ஒரு திங்கட்கிழமை சந்தை திறந்ததும் விறுவிறுவென்று ஏறியது. பண்டுக்காரர்கள் பயந்துபோய் வாங்குகிறார்கள் என்று கூட்டத்தில் கத்தினார்கள். அதே டிவியில் அதே கோட்டுக்காரர் வந்தார். இந்தமுறை சிரிக்கவில்லை. சின்ன முதலீட்டாளர்கள் உணர்ச்சிவசப்பட்டு ஏதோ செய்கிறார்கள், இது நீடிக்காது என்றார். பெயின்ட் கடையில் விசில் அடித்திருக்கிறார்கள். பக்கத்துப் பாத்திரக் கடைக்காரர் கிரிக்கெட் என்று நினைத்து ஓடிவந்து, யார் அவுட் என்று கேட்டாராம்.

அந்த நாட்களில் எங்கள் வீடு வேறு மாதிரி இருந்தது. கூட்டத்தில் இவருக்கு 'மோட்டார் பாய்' என்று பெயர் வைத்துவிட்டார்கள். அவர் பேசப் போகிறார் என்றால் மற்றவர்கள் பேச்சை நிறுத்திக் காத்திருப்பார்கள். முகம் தெரியாத ஊர்களிலிருந்து, "பாய், இன்னைக்கு நெலம எப்படி?" என்று கேட்பார்கள். இவர் தொண்டையைச் செருமிக்கொண்டு, அவசரப்படாமல், கிடங்குக் கணக்கை ஒப்பிப்பது போல ஒவ்வொன்றாகச் சொல்வார். நான் அடுப்படியிலிருந்து அந்தக் குரலைக் கேட்டுக்கொண்டே நிற்பேன். கல்யாணமான நாளிலிருந்து அந்தக் குரலை நான் கேட்டதே இல்லை.

ஒரு ஞாயிறு பிரியாணி போட்டு அண்ணன் குடும்பத்தைக் கூப்பிட்டோம். அண்ணன் மனைவி, நான் அக்கா என்று கூப்பிடுகிறவர், என்னோடு அடுப்படியில் உட்கார்ந்து வெங்காயம் உரித்தார். மகளுக்கு மாப்பிள்ளை பார்க்கிறார்கள் என்று மெதுவாகச் சொன்னார். இடம் மதுரையில், நல்ல இடம், கேட்பதும் கூடுதல்தான் என்றார். கூடத்தில் ஆண்கள் இருவரும் உரக்கப் பேசிக்கொண்டிருந்தார்கள். இன்னும் இரண்டு மடங்கு போகும் என்றார் இவர். அண்ணன் ஆமாம் என்று சொன்னாரா, சும்மா இருந்தாரா, நினைவில்லை.

அடுத்த வாரத்தில் ஒருநாள் மளிகை வாங்க இவரோடு பைக்கில் பஜாருக்குப் போனேன். வழியில் பெயின்ட் கடையில் நிறுத்தினார். இவர் கடைக்குள் காலை வைத்ததுமே, "மாமா, நாளைக்கு இன்னுங் கொஞ்சம் வாங்கிப் போடுவோமா?" என்றார்.

அண்ணன் கல்லாவை விட்டு எழுந்து வந்தார். கட்டைவிரலில் பச்சைப் பெயின்ட் காய்ந்திருந்தது. அதைச் சுரண்டிக்கொண்டே நின்றார்.

"மாப்ள, நான் வித்துட்டேன்."

இவருக்குப் புரியவில்லை. "எத?" என்றார்.

"எல்லாத்தையும். முந்தாநாளு. ஒங்கிட்டச் சொல்லணும்னு ரெண்டு தடவ போன எடுத்தேன். வாய் வரல."

"ஏன்?"

"பயந்துட்டேன் மாப்ள. நல்ல வெல வந்துச்சு. எம்மக கல்யாணம் கண்ணு முன்னால வந்து நின்னுச்சு. வித்துட்டேன். நீயும் வித்துரு. இப்பவும் ஒண்ணும் கெட்டுப்போகல. சொல்றதக் கேளு, இன்னைக்கே வித்துரு."

இவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். நான்தான் ஏதோ செய்துவிட்டேன் என்பது போல. பிறகு அண்ணனைப் பார்த்து, "அத்தன பேரு நம்மள நம்பி நிக்கிறாக மாமா. சாயங்காலம் சாயங்காலம் நீயுந்தான சொன்ன, விக்க மாட்டோம்னு?" என்றார்.

"சொன்னேன். தப்புத்தான். ஆனா அவுக யாருன்னே நமக்குத் தெரியாது மாப்ள. எம்மக எனக்குத் தெரியும்."

இவர் இறங்கி வந்துவிட்டார். மளிகை வாங்காமலே வீட்டுக்கு வந்தோம்.

அன்றைக்குச் சாயங்காலம் கூட்டத்தில் இவர் பேசினார். "என் கூட்டாளியே வித்துட்டான். எங்கூட ஒண்ணாப் படிச்சவன். அருப்புக்கோட்டைல பெயின்ட் கடை வச்சிருக்கான். இப்படி ஆளுகளாலதான் நம்ம தோக்குறோம்" என்று சொல்லிவிட்டார். நான் சைகை காட்டினேன். அவர் என்னைப் பார்க்கவில்லை.

பெயரைச் சொல்லவில்லைதான். ஆனால் இந்தக் காலத்தில் ஒரு கடையைக் கண்டுபிடிக்க எவ்வளவு நேரம்? மறுநாள் பெயின்ட் கடைக்குப் போன் வர ஆரம்பித்தது. எங்கெங்கோ இருந்து பேசினார்கள். துரோகி என்றார்கள். காது கூசும்படி திட்டினார்கள். ஒரு போனை அக்கா எடுத்திருக்கிறார். யாரோ ஒரு சின்ன வயதுக் குரல் அவரிடம் பேசிய பேச்சைக் கேட்டு, போனைக் கீழே வைக்கக்கூடத் தெரியாமல் நின்றாராம். கடையைப் பற்றி இணையத்தில் தரக்குறைவாக எழுதினார்கள். அந்தக் கடையில் ஒரு டப்பா பெயின்ட்கூட வாங்காதவர்கள் எழுதினார்கள்.

இவருக்கு அது தெரிந்தபோது முகம் வெளுத்துவிட்டது. கூட்டத்தில், அவரை விட்டுவிடுங்கள், போன் பண்ணாதீர்கள் என்று கேட்டுப் பார்த்தார். யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. ஆனால் அண்ணனிடம் போய் ஒரு வார்த்தை சொல்ல இவருக்கு மனம் வரவில்லை. கோபம் ஒரு பக்கம், வெட்கம் ஒரு பக்கம். இரண்டில் எது பெரிது என்று அவருக்கே தெரிந்திருக்காது. பஜாருக்குப் போக வேண்டியிருந்தால் சுற்றுவழியில், மார்க்கெட்டுத் தெரு வழியாகப் போய்வந்தார்.

விலை அதற்குள் இறங்க ஆரம்பித்துவிட்டது. அண்ணன் விற்றதால் இல்லை. அண்ணனிடம் இருந்தது கடலில் ஒரு சொம்புத் தண்ணீர். கம்பெனியின் காலாண்டுக் கணக்கு வெளியானது. விற்பனை குறைந்திருந்தது. முதலாளிகளே தங்கள் பங்கில் ஒரு பகுதியை விற்றிருந்தார்கள் என்ற செய்தி அதோடு சேர்ந்து வந்தது. காலையில் சந்தை திறந்ததுமே பெரிய ஆட்கள் மறுபடி இறங்கினார்கள். இந்தமுறை பண்டு ஒன்றல்ல, பல. சாப்பாட்டு நேரத்துக்குள், சில வாரமாக ஏறியது எல்லாம் போயிருந்தது.

அன்று சாயங்காலமும் கூட்டம் கூடியது. விற்க மாட்டோம் என்றார்கள். ஆனால் குரல்கள் குறைவாக இருந்தன. அடுத்த நாள் இன்னும் குறைவு. யாரும் விற்றேன் என்று சொல்லவில்லை. சத்தமில்லாமல் போனார்கள். கூட்டத்தை ஆரம்பித்து நடத்திய ஆளின் குரலும் ஒருநாள் நின்றுபோனது. அதற்குப் பிறகும் இவர் சாயங்காலம் போனை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். "யாராச்சும் இருக்கீகளா?" என்று கேட்பார். என் மகள் இப்போது கேலி செய்வதில்லை. எழுந்து போய்க் கதவைச் சாத்திக்கொள்வாள்.

ஏன் இன்னும் விற்காமல் இருக்கிறீர்கள் என்று நான் கேட்டேன். இனிமேல் விற்று என்ன ஆகப் போகிறது என்றார். பிறகு கொஞ்ச நேரம் கழித்து, "அந்தக் கோட்டுக்காரன் இப்பல்லாம் டிவில வேற கம்பெனியப் பத்திப் பேசுறான் புள்ள. இதப் பேசவே மாட்டேங்குறான். நம்மளத் தோக்கடிச்சதே அவனுக்கு ஞாபகமில்ல" என்றார். பணம் போனதைப் பற்றி அவர் என்னிடம் அழுததில்லை. இதைச் சொல்லும்போது கண் கலங்கியிருந்தது.

ஒருநாள் மத்தியானம் இவர் மண்டியில் இருந்த நேரத்தில் பெயின்ட் கடை அண்ணன் வீட்டுக்கு வந்தார். உள்ளே வரச் சொன்னேன், வரவில்லை. வாசற்படியிலேயே நின்றார். இளைத்துப்போயிருந்தார். மகள் கல்யாணப் பத்திரிகையைக் கொடுத்தார்.

"தங்கச்சி, அவன ஒரு தடவ கடைப்பக்கம் வரச் சொல்லு. நான் மனசுல ஒண்ணும் வச்சுக்கல. எவன் எவனோ போன் பண்ணுனதுக்கு அவன் என்ன செய்வான்?"

"உள்ள வந்து தண்ணியாச்சும் குடிங்கண்ணே."

"அவன் இருக்கும்போது வாரேன்மா" என்று சொல்லிவிட்டுப் போனார்.

இவரிடம் பத்திரிகையைக் கொடுத்து, அண்ணன் சொன்னதையும் சொன்னேன். கல்யாணத்துக்கு நானும் மகளும் போய்வந்தோம். இவர் காய்ச்சல் என்று படுத்துக்கொண்டார். மண்டபத்தில் சாப்பாட்டுப் பந்தியில் அண்ணன் எங்கள் பக்கத்தில் வந்து நின்று, இவரைப் பற்றி ஒன்றும் கேட்காமல், என் மகள் இலையில் இன்னொரு ஜாங்கிரி வைக்கச் சொன்னார்.

போய்விடுவார், இன்றோ நாளையோ போய்விடுவார் என்றுதான் நானும் இருந்தேன். ஒரே ஊர். நடந்தால் பத்து நிமிடம் இல்லை. சின்ன வயதுச் சண்டைகள் எல்லாம் அப்படித்தான் தீர்ந்திருக்கின்றன. ஒருவர் முதலில் போய்ச் சும்மா நிற்பார், மற்றவர் டீ சொல்வார். நோன்பு வந்தது. பெருநாள் அன்றைக்குப் போகிறேன் என்று அவர் வாயாலேயே சொன்னார்.

அதற்கு முன்பே, ஒரு காலையில் கடை ஷட்டரைத் தூக்கும்போது அண்ணன் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். மதுரைக்குக் கொண்டுபோனார்கள். காரியாபட்டி தாண்டும்போதே மூச்சில்லை என்று திருப்பிக் கொண்டுவந்துவிட்டார்கள்.

மண்டியில் யாரோ சொல்லித்தான் இவருக்குத் தெரிந்தது. வீட்டுக்கு வந்து என்னிடம், "மாமா போயிட்டாரு" என்றார். செருப்பைக் கழற்றவில்லை. நான் சேலை மாற்றிக்கொண்டு கிளம்பினேன்.

அவர்கள் வீட்டுத் தெருவில் பந்தல் போட்டு, பிளாஸ்டிக் நாற்காலிகளில் ஆட்கள் உட்கார்ந்திருந்தார்கள். நான் உள்ளே போய்விட்டேன். இவர் தெருமுனை டிரான்ஸ்பார்மர் பக்கத்திலேயே நின்றுகொண்டார். அண்ணனின் தம்பிதான் பார்த்துவிட்டு எழுந்து போனார். "என்ன பாய் இங்கன நிக்கிறீக? அண்ணன் கூட்டாளி வெளிய நிக்கலாமா? வாங்க" என்று கையைப் பிடித்து அழைத்து வந்தார்.

இவர் உள்ளே வந்து அண்ணன் கால்மாட்டில் நின்றார். அக்கா தலையைத் தூக்கிப் பார்த்தார். என்ன சொல்லிவிடுவாரோ என்று பயந்தேன். அந்த அசிங்கமான போனை எடுத்தவர் அவர்தான்.

"வாங்கண்ணே" என்றார். "தெனமும் ஒங்க பங்கு வெலயப் பாப்பாகண்ணே. இவுக வித்து எம்புட்டோ நாளாச்சு. ஆனாலும் காலைல போனத் தொறந்ததும் அதத்தான் பாப்பாக. நாலணா ஏறியிருந்தாலும், இன்னைக்கு எம் மாப்ள கொஞ்சம் சந்தோசமா இருப்பான்டின்னு எங்கிட்டச் சொல்லுவாக. எறங்கியிருந்தா சோறு எறங்காது அவுகளுக்கு."

இவர் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். அவர் வாய்விட்டு அழுததை அன்றைக்குத்தான் பார்த்தேன். அவருடைய அத்தா மவுத்தானபோதுகூட அப்படி அழுததில்லை. பெண்கள் அழுகையை நிறுத்திவிட்டு அவரைப் பார்த்தார்கள். சுடுகாடு வரைக்கும் போனார். வழியில் தம்பியோடு மாற்றி மாற்றித் தோள் கொடுத்தார் என்று பிறகு சொன்னார்கள். திரும்பி வந்து வாசலிலேயே குளித்துவிட்டு, இரண்டு நாள் மண்டிக்குப் போகாமல் இருந்தார்.

அடுத்த வாரம் பங்கையெல்லாம் விற்றுவிட்டார். கிடைத்த விலைக்கு. என்னிடம் சொல்லக்கூட இல்லை, இவர் முகத்தைப் பார்த்து நானாகக் கேட்டுத் தெரிந்துகொண்டேன். மனை வாங்குவதற்கு வைத்திருந்ததில் மிச்சம் வந்தது மகளின் கல்லூரிக் கட்டணத்துக்குச் சரியாகப் போயிற்று. பழைய கம்பெனியில் வேலை பார்த்த ஒருவர் மூலம் மறுபடி விசா கிடைத்தது. அதே கிடங்கு வேலைதான், முன்பைவிடக் குறைந்த சம்பளம். மதுரை விமான நிலையத்தில் வழியனுப்பும்போது மகள் அவரைக் கட்டிப்பிடித்துக்கொண்டு விடவில்லை. அவர் அவள் தலைக்கு மேலாக என்னைப் பார்த்து, "பெருநாளைக்குப் போவோம்னு இருந்தேன் புள்ள" என்றார். எங்கே என்று நான் கேட்கவில்லை.

இப்போது தினமும் பேசுகிறார். சாப்பாடு, வெயில், மகள் படிப்பு, திருச்சுழியில் மதினிக்கு மழை பெய்ததா என்பது. சந்தையைப் பற்றி ஒரு பேச்சும் கிடையாது. போன வாரம் மட்டும் ஒன்று சொன்னார். அவரோடு அறையில் தங்கியிருக்கும் தெலுங்குக்காரர் ஒருவர் புதிதாகப் பங்கு வாங்க ஆரம்பித்திருக்கிறாராம். போனில் பெரிய கூட்டம் ஒன்றில் சேர்ந்திருக்கிறாராம். உங்களுக்கு இதில் அனுபவம் உண்டாமே, வாங்கலாமா வேண்டாமா, சொல்லுங்கள் என்று கேட்டிருக்கிறார்.

"நீங்க என்ன சொன்னீங்க?" என்றேன்.

"எனக்கொரு கூட்டாளி இருந்தான்னு ஆரம்பிச்சேன்."

அந்தப் பக்கம் மின்விசிறி சுற்றுவது கேட்டது.

"அதுக்கு மேல சொல்ல வரல புள்ள. அவரும் பேசாமப் போய்ப் படுத்துட்டாரு. சரி, இன்னைக்குத் தண்ணி லாரி வந்துச்சா?"

வந்தது என்றேன். நான்கு குடம் பிடித்தேன் என்றேன். இன்னும் இரண்டு பிடித்து வைத்திருக்கலாமே என்றார்.